விசிறி சுழல்கிறதா? லினக்ஸ் டிரைவர்களைச் சோதிக்கும் தன்னார்வலர்கள்

லினக்ஸ் கெர்னலில் டெல் கணினிகளின் விசிறியைக் கவனித்துக்கொள்ள ஒரு டிரைவர் இருக்கிறது. அதன் மூல நிரலைப் படித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு சிறு பட்டியல் தட்டுப்படும்: ஸ்டுடியோ எக்ஸ்பிஎஸ் 8000, ஸ்டுடியோ எக்ஸ்பிஎஸ் 8100, இன்ஸ்பிரான் 580. விசிறி எந்த வகை என்று இந்தக் கணினிகளிடம் கேட்டுவிட்டால் போதும், அதன்பின் சிபியு விசிறி காரணமே இல்லாமல் ஏறியும் இறங்கியும் ஓடத் தொடங்கிவிடும். கோளாறு பயாஸில் இருக்கிறது. அதனால் இந்த மாடல்களில் அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்று டிரைவருக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். அருகிலேயே இன்னொரு பட்டியல்: இன்ஸ்பிரான் 7720, வோஸ்ட்ரோ 3360, எக்ஸ்பிஎஸ் 13 9333. இவற்றில் விசிறியைப் பற்றி எதைக் கேட்டாலும் கெர்னல் ஏறத்தாழ அரை விநாடி உறைந்து நிற்கும்.

இந்தத் தகவல்கள் எந்த நிறுவனத்தின் கையேட்டிலும் இல்லை. அந்த மாடலை வாங்கி லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தியவர்கள் விசிறியின் சத்தம் மாறியதைக் காதால் கேட்டு, எந்த மென்பொருளை நிறுத்தினால் அது அடங்குகிறது என்று தேடிப் பிடித்து, கெர்னல் நிரலாளர்களுக்கு எழுதிச் சொன்னவை. லினக்ஸில் விசிறிக் கட்டுப்பாடு என்று இன்று இருப்பதில் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததுதான். சொந்தக் காசில் வாங்கிய கணினியைச் சோதனைக்குக் கொடுக்கும் இந்த மனிதர்கள் எதைப் பணயம் வைக்கிறார்கள், அந்தப் பணயத்தைக் குறைக்க டிரைவர் எழுதுபவர்கள் என்ன செய்திருக்கிறார்கள், இன்னும் யார் என்ன செய்யவேண்டும் என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் விசிறி எப்படிக் கட்டுப்படுகிறது என்று பார்த்துவிடலாம். மேசைக் கணினியின் நான்கு கம்பி விசிறியில் ஒரு கம்பி 12 வோல்ட் மின்சாரம், ஒன்று தரை. மூன்றாவது கம்பி விசிறியின் வேகத்தைத் திருப்பிச் சொல்கிறது: ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள். நான்காவது கம்பியில் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மின்துடிப்பு போகிறது. மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண் என்பதால் கீச்சொலி கேட்காது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்து விசிறி வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது. லினக்ஸில் இந்த அளவை 0 முதல் 255 வரை ஓர் எண்ணாக ஒரு கோப்பில் எழுதலாம். அதற்குத் துணையாக இன்னொரு கோப்பு உண்டு. விசிறியைக் கையால் கட்டுப்படுத்துகிறோமா, சிப்பின் போக்குக்கே விட்டுவிடுகிறோமா என்பதை அதில் எழுதும் எண் தீர்மானிக்கிறது.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்த எண் போய்ச் சேரும் இடம் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். மேசைக் கணினியில் நுவோட்டான், ஐடிஇ, ஃபின்டெக் போன்ற நிறுவனங்களின் சூப்பர் ஐ/ஓ சிப்புகள். மடிக்கணினியில் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிறு கணினி. டெல்லில் பயாஸுக்குள் ஒளிந்திருக்கும் தனி வழி. தண்ணீரால் குளிர்விக்கும் சாதனங்களில் யுஎஸ்பி. ஒரே சிப்பை இரண்டு நிறுவனங்கள் வாங்கினால் விசிறிகளை இரண்டு விதமாக இணைப்பார்கள். ஒரு நிரலாளரின் மேசையில் நான்கைந்து கணினிகள் இருக்கலாம். அவர் எழுதிய டிரைவரோ அவர் பார்த்தே இராத நூற்றுக்கணக்கான மாடல்களில் ஓடப்போகிறது. தொகுத்துப் பார்க்கவும் துவக்கிப் பார்க்கவும் தானியங்கிச் சோதனை அமைப்புகள் இருக்கின்றன. விசிறி நின்றுவிட்டது, மடிமேல் சூடு ஏறுகிறது என்று அவை சொல்லாது. அதைச் சொல்ல அந்தக் கணினியின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

1998 வாக்கில் தொடங்கிய எல்எம்-சென்சார்ஸ் திட்டம் இந்த நிலைமையை வெகு சீக்கிரமே புரிந்துகொண்டது. நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்75, எல்எம்78 சிப்புகளிலிருந்து வெப்பநிலையைப் படிப்பதற்காகத் தோன்றிய திட்டம் அது. பெயரும் அந்தச் சிப்புகளிடமிருந்து வந்ததே. கணினிக்குள் எந்தச் சிப் இருக்கிறது என்று தேடிச் சொல்லும் ஒரு நிரலும், ஒவ்வொரு விசிறியையும் சற்று நேரம் நிறுத்திப் பார்த்து எந்தக் கட்டுப்பாடு எந்த விசிறியுடையது என்று கண்டுபிடிக்கும் ஒரு நிரலும் அதனுடன் வந்தன. இரண்டாவது நிரல் வேலையைத் தொடங்குமுன் எச்சரிக்கிறது: விசிறிகள் நிற்கும், வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டிருங்கள். அதை ஓட்டிய ஒவ்வொருவரும் ஒருவகையில் சோதனையாளர்தான்.

டிரைவரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிளின் பவர் மேக் ஜி5 நல்ல உதாரணம். 2003இல் வெளிவந்த அந்தக் கணினிக்குள் 9 விசிறிகள், 4 வெப்ப மண்டலங்கள். அவற்றை ஆள்வது இயங்குதளத்தின் பொறுப்பு என்று ஆப்பிள் வகுத்திருந்தது. இயங்குதளம் பேசாமல் இருந்தால் விசிறிகள் முழு வேகத்தில் இரையும். லினக்ஸுக்காக பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் எழுதிய டிரைவர், ஆப்பிள் வெளியிட்டிருந்த டார்வின் மூல நிரலில் இருந்த கணக்கு முறையையும் எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அவருடைய வழி பாதுகாப்பான வழி. உற்பத்தியாளர் சோதித்து முடிவு செய்த எண்கள் பொதுவில் இருந்ததால் பயனர்கள் புதிதாக எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. விசிறி டிரைவர் எழுதும் மற்றவர்களுக்கு இத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது.

வாய்ப்புக் கிடைக்காதபோது நடந்தவற்றைப் பார்க்கவேண்டும். எல்எம்-சென்சார்ஸின் தொடக்க ஆண்டுகளில் ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில், வெப்ப உணரிகள் எங்கே இருக்கின்றன என்று, சிப்புகளை இணைக்கும் பஸ்ஸில் தட்டிப் பார்த்தபோது, அதே பஸ்ஸில் இருந்த ஆட்மெல் 24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சிப்பின் உள்ளடக்கம் கெட்டுப்போனது. அந்தச் சிப்பில் கணினியின் அடையாளம் இருந்தது. கெட்டபின் கணினி துவங்க மறுத்தது. பழுது பார்க்க அனுப்பவேண்டியதாயிற்று. வெப்பநிலையைப் படித்துப் பார்க்கத்தான் அந்தப் பயனர்கள் முயன்றார்கள். எதையும் எழுதும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. பிறகு ஐபிஎம் கணினி என்று தெரிந்தாலே அந்தப் பஸ்ஸை ஆளும் டிரைவர் ஏற மறுக்கும்படி மாற்றினார்கள்.

2008 செப்டம்பரில் இன்னொன்று. கெர்னல் 2.6.27 இன்னும் வெளிவராமல் சோதனைப் பதிப்பாக இருந்த சமயம். அதை ஓட்டிப் பார்த்தவர்களில் சிலருடைய இன்டெல் நெட்வொர்க் அட்டைகளின் நிலைநினைவகம் அழிந்தது. பழி முதலில் நெட்வொர்க் டிரைவர் மேல் விழுந்தது. வாரக்கணக்கில் தேடியபின், கெர்னலின் செயல்பாட்டைப் பின்தொடரும் வேறொரு வசதி தொடக்கூடாத நினைவிடத்தில் எழுதியதே காரணம் என்று தெரிந்தது. விசிறிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் சோதனையாளர் தாங்கும் ஆபத்து, அவர் சோதிப்பதாக நினைக்கும் டிரைவரிடமிருந்து மட்டும் வருவதில்லை என்பதை இந்தச் சம்பவத்தைப் போல் தெளிவாகக் காட்டியவை குறைவு.

மூன்றாவது, 2013 ஜனவரியில் பேசப்பட்ட சாம்சங் மடிக்கணினிகள். விசிறியின் சத்தத்தைக் குறைக்கும் அமைதி நிலை உட்பட, கணினியின் செயல்திறன் நிலைகளை மாற்ற உதவும் ஒரு டிரைவர் லினக்ஸில் இருந்தது. பழைய பயாஸ் முறையில் அது ஒழுங்காக வேலை செய்தது. யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் உபுண்டுவைத் துவக்கியபோது சில மாடல்கள் திரும்ப எழவே இல்லை. மதர்போர்டையே மாற்றும்படி ஆனது. யூஇஎஃப்ஐ முறையில் அந்த டிரைவர் இயங்காதபடி உடனே தடுத்தார்கள். பிறகு கெர்னல் நிரலாளர் மேத்யூ கேரட் ஆராய்ந்து காட்டியது முக்கியமானது: யூஇஎஃப்ஐ நினைவகத்தில் அதிகமாக எழுதினாலே அந்த மாடல்கள் முடங்கின; விண்டோஸிலிருந்து எழுதினாலும் அதே கதி. ஆக, அடிப்படைக் குறை தயாரிப்பிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்த செலவு மட்டும் பயனர்கள் தலையில் விழுந்தது.

விசிறிக்கே உரிய ஆபத்து இவற்றைப் போல் ஒரே அடியில் வருவதில்லை, சத்தமில்லாமல் வருகிறது. ஐடிஇ சிப்புகளுக்கான டிரைவரில், துடிப்பின் திசையைக் கட்டாயமாகத் திருத்தும் ஒரு விருப்பத்தேர்வு உண்டு. ஆவணத்தில் அதன் பக்கத்திலேயே ஆபத்தானது என்று எழுதியிருக்கிறார்கள். சில மதர்போர்டுகளில் பயாஸ் துடிப்பின் திசையைத் தலைகீழாக அமைத்துவிடுகிறது. அங்கே 255 என்று எழுதினால் விசிறி நிற்கும், 0 என்று எழுதினால் முழு வேகத்தில் ஓடும். அப்படிப்பட்ட அமைப்பைக் கண்டால் டிரைவர் விசிறிக் கட்டுப்பாட்டையே முடக்கிவிட்டு, பயாஸ் தயாரிப்பாளரிடம் திருத்தம் கேளுங்கள் என்கிறது. நிச்சயமாகத் தெரியாதபோது கையை எடுத்துவிடுவது சரியான முடிவுதான்.

கையால் வேகம் குறைத்தபின் கட்டுப்படுத்தும் மென்பொருள் செத்துப்போவது இன்னொரு ஆபத்து. விசிறி அந்தக் குறைந்த வேகத்திலேயே நிற்க, கணினியில் வேலை கூடி வெப்பம் ஏறும். இன்றைய சிபியுக்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மிஞ்சினால் கணினியை அணைத்துவிடும். அதனால் சிபியு பெரும்பாலும் பிழைக்கும். சுற்றியுள்ள பேட்டரிக்கும் மின்சுற்றுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு எல்லாச் சமயமும் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. திங்க்பேட் டிரைவரை எழுதியவர்கள் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். விசிறியை மாற்றும் வசதி அதில் இயல்பாக அடைத்தே இருக்கும். பயனர் தெரிந்து திறக்கவேண்டும். திறந்தபின் 1 முதல் 120 விநாடி வரை ஒரு காவல் நேரத்தையும் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் புதிய கட்டளை வராவிட்டால் டிரைவர் தானே விசிறியை மீண்டும் ஓட்டிவிடும். எந்த விசிறி டிரைவரும் வெளிவரும் முதல் நாளிலேயே இந்த வசதியோடு வரவேண்டும் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளுக்கு லினக்ஸ் கொண்டுவந்த அசாஹி குழுவினர், கையால் விசிறியை ஆளும் வசதிக்கு வைத்த பெயர் 'மெல்ட் மை மேக்'. அதைத் தட்டச்சு செய்யும் ஆள், தான் செய்யப்போவது என்ன என்பதை அறியாமல் செய்ய வழியில்லை.

சோதனையை ஒழுங்காக நடத்துவதற்கு லெனோவோ லீஜியன் மடிக்கணினிகளுக்கான தன்னார்வத் திட்டத்தைப் பார்க்கலாம். இவ்வகை விளையாட்டு மடிக்கணினிகளில் விசிறியின் நடத்தை 10 புள்ளிகள் கொண்ட ஓர் அட்டவணையாக எம்பெடட் கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. எந்த வெப்பநிலையில் எந்த வேகம், எவ்வளவு விரைவாக ஏறவேண்டும், எவ்வளவு மெதுவாக இறங்கவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. பயாஸ் பதிப்பின் முதல் நான்கு எழுத்துகளை வைத்து டிரைவர் மாடலை அடையாளம் காண்கிறது. ஏற்கெனவே ஒருவர் சோதித்த மாடல் என்றால் ஏறும். இல்லையென்றால் மறுத்துவிடும்; கட்டாயப்படுத்தினால் மட்டுமே ஏறும்.

அந்தக் கட்டாயத்தைச் செய்யும் முதல் ஆளுக்குத் திட்டம் சொல்லித்தரும் வரிசை அருமையானது. டிரைவரை நிரந்தரமாக நிறுவ வேண்டாம். இந்த ஒருமுறைக்கு ஏற்றிப் பாருங்கள், மறுதுவக்கம் செய்தால் போய்விடும். ஏறியதும் கெர்னல் செய்திகளைப் படியுங்கள். அடுத்து அட்டவணையைப் படிக்க மட்டும் செய்யுங்கள். எண்கள் பொருள்படுகின்றனவா, வெப்பநிலை மற்ற உணரிகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஃப்என், க்யூ பொத்தான்களை அழுத்தி அமைதி நிலைக்கும் வேக நிலைக்கும் மாறுங்கள். அட்டவணையும் மாறினால் சரியான இடத்தைத்தான் படிக்கிறோம் என்று பொருள். இதெல்லாம் தேறியபின்தான் எழுதுவது. ஏதாவது பிசகினால் அதே பொத்தான்களை அழுத்தினால் கன்ட்ரோலர் தன் பழைய அட்டவணைக்கே திரும்பிவிடும்.

படிப்பதில் தொடங்கி, படித்ததை வேறொரு வழியில் சரிபார்த்து, திரும்பிவர வழி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, கடைசியில்தான் கைவைப்பது. திங்க்பேட் நினைவகம் கெட்ட காலத்திலிருந்து தன்னார்வலர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது இந்த வரிசையில் தெரிகிறது.

எல்லாத் திட்டங்களும் இவ்வளவு நிதானமானவை அல்ல. என்பிஎஃப்சி என்ற கருவி கெர்னலுக்கு வெளியே நின்று எம்பெடட் கன்ட்ரோலரின் ரெஜிஸ்டர்களில் நேராக எழுதுகிறது. நூற்றுக்கணக்கான மாடல்களுக்கான அமைப்புக் கோப்புகளைப் பயனர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கெர்னல் டிரைவர் இல்லாத மலிவு மடிக்கணினி வைத்திருப்பவருக்கு வேறு கதி இல்லை என்பதால் அதன் பயன் மிகப் பெரியது. ஆனால் தன் மாடலுக்குக் கோப்பு இல்லாதவர்கள் பக்கத்து மாடலின் கோப்பைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு கணினியில் விசிறி வேகத்துக்கான ரெஜிஸ்டர் இன்னொன்றில் வேறு எதற்கோ இருக்கலாம். இந்தப் பழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது.

தண்ணீரால் குளிர்விக்கும் சாதனங்களின் கதை சற்று இலகுவானது. என்இசட்எக்ஸ்டி, கோர்சேர் போன்ற நிறுவனங்கள் விண்டோஸுக்கு மட்டும் மென்பொருள் தருகின்றன. பயனர்கள் அந்த மென்பொருளை ஓட்டி, யுஎஸ்பி வழியாகப் போகும் செய்திகளைப் பதிவு செய்து, வேகத்தை மாற்றும்போது எந்த பைட் மாறுகிறது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். லிக்விட்சிடிஎல் என்ற திட்டம் இப்படி வளர்ந்தது. அங்கே திரட்டிய அறிவில் ஒரு பகுதி பின்னர் கெர்னலுக்குள்ளும் போனது; என்இசட்எக்ஸ்டி கிராக்கன் சாதனங்களுக்கான டிரைவர் 2021இல் சேர்ந்தது.

இனி சோதனை அறிக்கையின் தரம். 'எனக்கு வேலை செய்கிறது' என்ற ஒற்றை வரியால் நிரலாளருக்குப் பெரிய பயன் இல்லை. விசிறி டிரைவர் கெட்டுப்போகும் இடங்கள் வேறு. மடிக்கணினியை மூடித் தூங்கவைத்து எழுப்பும்போது சிப் தன் பழைய அமைப்பை மறந்திருக்கும். டிரைவர் அதைத் திரும்ப எழுதவேண்டும். டிரைவரை இறக்கும்போது கட்டுப்பாடு சிப்புக்குத் திரும்பவேண்டும். கெர்னலைப் புதுப்பித்தபின் உணரிகளின் வரிசை எண்கள் இடம் மாறிவிடுவதுண்டு. நேற்று சிபியு வெப்பமாக இருந்த எண் இன்று வேறு எதுவாகவோ இருக்கும். எல்எம்-சென்சார்ஸின் விசிறிக் கட்டுப்பாட்டு நிரல், சாதனத்தின் பாதையையும் பெயரையும் குறித்து வைத்துக்கொண்டு, அவை மாறியிருந்தால் ஓட மறுப்பது இதற்காகவே. பயாஸ் பதிப்பு, போர்டின் பெயர், கெர்னல் பதிப்பு இவற்றோடு, பாரமான வேலை கொடுத்தபோதும் தூங்கி எழுந்தபோதும் டிரைவரை இறக்கியபோதும் விசிறி என்ன செய்தது என்று எழுதும் ஓர் அறிக்கை பத்து வெறும் பாராட்டுகளுக்கு மேல்.

அப்படிப்பட்ட அறிக்கைகள் குவிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏசஸ் மதர்போர்டுகள் சாட்சி. நுவோட்டான் சிப்பைத் தான் மட்டுமே தொடுவேன் என்று பயாஸ் உரிமை கொண்டாடியதால் லினக்ஸ் டிரைவர் விலகி நின்றது. பயனர்கள் அந்தத் தடையைத் தளர்த்தும் விருப்பத்தேர்வைப் போட்டு ஓட்டினார்கள். பயாஸும் டிரைவரும் ஒரே நேரத்தில் ஒரே சிப்பைத் தொடும் ஆபத்து அதில் இருந்தது. பிறகு ஏசஸின் டபிள்யூஎம்ஐ என்ற ஃபர்ம்வேர் இடைமுகம் வழியாகக் கேட்டால் பயாஸே படித்துத் தரும் என்று கண்டுபிடித்தார்கள். எந்தெந்தப் போர்டில் அது சரியாக வேலை செய்கிறது என்ற பட்டியல் இன்று கெர்னலுக்குள் நீளமாக இருக்கிறது.

உழைப்பால் திறக்காத கதவுகளும் உண்டு. என்விடியாவின் வரைகலை அட்டைகளுக்கான நூவோ டிரைவரைத் தன்னார்வலர்கள் விசிறிக் கட்டுப்பாடு வரை கொண்டு வந்திருந்தார்கள். இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் அட்டைகள் 2014இல் வந்தபோது, நிறுவனத்தின் கையொப்பம் உள்ள ஃபர்ம்வேர் இல்லாமல் விசிறியைத் தொடமுடியாது என்றாகிவிட்டது. எத்தனை பேர் சோதிக்கத் தயாராக இருந்தும் பயனில்லை. ஐடிஇ சிப்புகளில் பலவற்றுக்குப் பொதுவில் தரவுக் கையேடு கிடையாது. கெர்னலின் இந்தப் பகுதியைப் பராமரிக்கும் குந்தர் ரோக், அந்தச் சிப்புகளுக்காகக் கெர்னலுக்கு வெளியே வைத்திருந்த டிரைவர் பதிப்பை 2018இல் விலக்கிக்கொண்டார். பயனர்கள் அதன் நகலை எடுத்து, புதிய சிப்புகளைச் சேர்த்து, இன்றுவரை நடத்திவருகிறார்கள். தரவுக் கையேட்டை வெளியிட்டால் தீரும் வேலை இது.

கைம்மாறாகச் சோதனையாளருக்குக் கிடைப்பது ஒரு வரி. கெர்னல் மாற்றக் குறிப்பின் அடியில் 'டெஸ்டட்-பை' என்று அவர் பெயர் வரும். வரலாறு உள்ளவரை அது அங்கே இருக்கும் என்பது சிறிய மரியாதை இல்லை. ஆனாலும் பட்டியலில் ஒரு போர்டின் பெயர் சேர்ந்ததற்குக் காரணமான எத்தனையோ பேர் வழுப்பதிவோடு நின்றுவிடுகிறார்கள். பெயர் மாற்றக் குறிப்பு வரை போவதில்லை. கணினி கெட்டுப்போனால் ஈடு செய்ய யாரும் இல்லை. நிறுவனங்கள் பழைய மாடல்களில் ஒன்றிரண்டைக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்குக் கொடுத்தாலே முதல் அடியின் ஆபத்தைப் பயனர் தாங்கவேண்டியிராது.

உற்பத்தியாளரே முன்வந்தால் நிலைமை எப்படி மாறும் என்பதை ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ3 அட்டைகளில் காணலாம். 2024 ஜனவரியில் வந்த கெர்னல் 6.7 முதல் விசிறியின் வேக வளைவை எழுத நிறுவனமே ஒரு வழி கொடுத்திருக்கிறது. எந்த வெப்பநிலை வரை, எந்த வேகம் வரை என்ற எல்லைகளையும் டிரைவர் சொல்லிவிடும். அதைத் தாண்டி எழுதினால் ஏற்காது. ஆனாலும் ஒரு குறை இருந்தது. வளைவில் என்ன எழுதினாலும் வெப்பம் ஓரளவு ஏறும்வரை விசிறிகள் நின்றே இருந்தன. அந்த நிறுத்தத்தை அணைக்க வழி இல்லை. ஒரு பயனர் அதற்கான மாற்றத்தைத் தானே எழுதி அனுப்பினார். கெர்னல் 6.13இல் அது சேர்ந்தது.